வெண்குறுமீன்களைச் சூழ்ந்த கிரகச் சிதைவுகள்

சூரியனையொத்த ஒரு நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்தபின் செம்பெருமீனாக உப்பி, புறப்படலங்களை ஆகாயத்தில் உதிர்த்துவிட்டு, பூமியின் பருமனுக்குள் சூரிய நிறையில் பாதிக்குமேல் ஒடுங்கிநிற்கும் நிலையே வெண்குறுமீன் எனப்படும். அதன் நிறைக்கு உச்ச வரம்பு உண்டென்பதை, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-ல் இங்கிலாந்து சென்ற கப்பற்பிரயாணத்தின்போது கணித்தார். சூரிய நிறையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கென்பது இன்று ஏற்கப்பட்டுள்ள அளவு. இவ்வாறு அவிந்த நட்சத்திரத்தைச் சுற்றிவந்த கிரகங்களின் கதியை அறியும் வழி, வியக்கத்தக்க வகையில், அந்நட்சத்திரத்தின் மேற்பரப்பிலேயே கிட்டியிருக்கிறது.

வெண்குறுமீனின் மேற்பரப்பில் ஆகர்ஷணம் பூமியிலிருப்பதைப்போல் ஏறக்குறைய லட்சம் மடங்கு வலியதாதலால், கலங்கிய நீரில் மண் படிவதுபோலக் கனமான மூலகங்கள் உள்ளே அமிழ்ந்துவிட, மேலே ஹைட்ரஜனோ ஹீலியமோ மட்டுமே எஞ்சவேண்டும். அமிழ்வதற்குச் சிலவற்றில் சில நாட்களும், மற்றவற்றில் பல லட்சம் ஆண்டுகளும் பிடிக்கலாம். எனினும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் குளிர்ந்துவரும் ஒன்றில் கால்சியமும் இரும்பும் தென்படுமாயின், அவை அண்மையில் வெளியிலிருந்து விழுந்தனவாகவே இருத்தல் வேண்டும். எஞ்சிய பெருங்கிரகமொன்றின் இழுப்பால் பாதை திரிந்த சிறுகோள், நட்சத்திரத்தை மிக நெருங்கி அதன் ஏற்றவற்ற விசையால் பிளவுண்டு, தூசித் தட்டாகப் பரவிச் சிறிது சிறிதாகப் பொழிகிறது என்பதே ஆராய்ச்சியாளர் கண்ட விளக்கம்.

இதன் முதற்சான்று, பொருள் விளங்காமலே, மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் 1917-ல் பதிவான, வெண்குறுமீனான வான் மானன் நட்சத்திரத்தின் நிறமாலைத் தகட்டில் கால்சியக் கோடுகளாக இடம்பெற்றிருந்தது. 1987-ல் ஜி 29-38 என்னும் வெண்குறுமீனைச் சுற்றி அகச்சிவப்புக் கதிரின் மிகுதி புலப்பட்டது. அது தூசியின் வெப்பமே எனப் பின்னர் உறுதியாயிற்று. 2015-ல், கெப்ளர் விண்கலம் நோக்கிய டபிள்யூ.டி. 1145+017 என்னும் வெண்குறுமீனை நாலரை மணிக்கொருமுறை சுற்றியபடியே சிதையும் பாறைப்பொருள் கண்டறியப்பட்டது.

சித்தூர் மாவட்டத்துக் குடுபல்லியிலிருந்தும், அதற்குத் தென்கிழக்கே ஜவ்வாது மலையில் வைணு பாப்பு ஆய்வகம் அமைந்த காவலூரிலிருந்தும் நோக்குவோர்க்கு, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத இம்மூன்றும் உச்சிவானுக்கு வெகு அருகே கடந்துசெல்வன. ஆனால் முதலிரண்டும் அமைந்த மீன மண்டலம் முன்னிரவில் உச்சியேறும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமேகம் வானை மூடிவிடுவது, இப்பகுதி ஆராய்ச்சிக்குப் பெரும் இடையூறேயாம்.

வேற்றுச் சூரியனின் பாறைக்கோள் ஒன்றைப் பிளந்து அதன் உட்பொருளை அளந்தறிய, வெண்குறுமீனில் விழுந்த இச்சிதைவுகளை ஆராய்வதினும் நேரிய வழி இதுகாறும் வாய்த்ததில்லை. பெரும்பாலும் தென்படுவன பூமியின் பாறைகளிலுள்ள ஆக்சிஜன், மக்னீசியம், சிலிக்கன், இரும்பு ஆகியவையே. ஜி.டி. 61 என்னும் வெண்குறுமீனில் விழுந்த கோளிலோ, நிறையில் ஏறக்குறைய கால்பங்கு தண்ணீர் இருந்ததென 2013-ல் வெளியான ஆய்வு காட்டிற்று.