மாயப் புனைகதைகளில் தோழியர்

மந்திர ஆற்றல் கொண்ட பெண் பிள்ளைகளையும் அவர்களுக்கு இடையிலான நட்பையும் நடுவில் வைத்து எழுதப்படும் இளையோர் மிகுபுனைவு, கடந்த நூறு ஆண்டுகளில் மெல்ல உருவான ஒரு கதை மரபு. பள்ளிக்கதை, மாங்கா, சித்திரக்கதை, திகில் நாவல் என்று பல பெயர்களில் அது சிதறிக் கிடக்கிறது. ஆனாலும் சேர்த்து வாசிப்பவருக்கு ஒரு பொது இழை புலப்படும். இக்கதைகளில் மந்திரம் தனி ஒருத்தியின் வரமாகத் தொடங்கி, காலப்போக்கில் பலர் சேர்ந்தால் மட்டுமே பலிக்கும் ஒன்றாக மாறியிருக்கிறது.

பழைய ஐரோப்பியத் தேவதைக் கதைகளில் இதற்கு இடமே இல்லை. 1812-இல் கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட ஸ்னோ ஒயிட் கதையில் மாயக்கண்ணாடி பெற்ற தாயிடமே இருக்கிறது; அவள் பொறாமைக்கு இரையாகிறாள் பெண். மந்திரம் தெரிந்த பெண் ஒருத்தி, அதற்குப் பலியாகும் பெண் ஒருத்தி என்பதே அங்கே வழக்கமான கணக்கு.

அந்தக் கணக்கை முதலில் கலைத்தவர்களில் அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம் முக்கியமானவர். 1900-இல் வெளியான அவருடைய முதல் ஓஸ் நாவலில் நாயகி டோரதிக்கு வழித்துணை வைக்கோல் பொம்மையும் தகர மனிதனும் சிங்கமும்தான்; அவள் வயதில் ஒரு பெண்கூட உடன் வரவில்லை. 1904-இல் வந்த இரண்டாம் நூலில் ஓஸ்மா அறிமுகமாகிறாள். சூனியக்காரி மோம்பியால் டிப் என்ற பையனாக உருமாற்றப்பட்டு வளர்ந்த இளவரசி அவள். 1907-இல் வெளியான மூன்றாம் நூலில் இருவரும் சந்திக்கிறார்கள். நோம் அரசனிடமிருந்து பறித்த மாயக் கச்சையை ஓஸ்மாவிடம் ஒப்படைத்துவிட்டு டோரதி ஊர் திரும்புகிறாள். சனிக்கிழமைதோறும் மாயச் சித்திரத்தில் டோரதியைப் பார்ப்பதாகவும், அவள் சைகை காட்டினால் உடனே வரவழைப்பதாகவும் ஓஸ்மா வாக்களிக்கிறாள். பிரிந்திருக்கும் இரண்டு சிறுமிகள் வாரம் ஒருமுறை ஒருவரையொருவர் நினைத்துக்கொள்ள ஒரு நேரம் குறித்துக்கொள்வது, அந்த வரிசையிலேயே மிக அழகான கற்பனை. 1910-இல் வந்த நூலில் டோரதியின் குடும்பப் பண்ணை கடனில் மூழ்கும்போது ஓஸ்மா அவளையும் மாமா அத்தையையும் தன் நாட்டுக்கே அழைத்துக்கொள்கிறாள்.

பாமின் பெயர் முதலெழுத்துகளின் ஒலியிலிருந்து எல்ஃபபா என்ற பெயரை உண்டாக்கிய கிரெகரி மகுவயர், 1995-இல் ‘விக்கெட்’ நாவலை எழுதினார். பாமின் முதல் நூலில் பொல்லாதவளாக வந்து, இங்கே எல்ஃபபா என்று பெயர் பெற்ற மேற்குத் திசைச் சூனியக்காரியும் நல்லவளாக வந்த கிளிண்டாவும் இதில் கல்லூரியில் அறைத்தோழிகள். பெரியவர்களுக்காக எழுதப்பட்ட நாவல்தான். ஆனால் 2003-இல் பிராட்வே இசை நாடகமானபோது அந்த நட்பே கதையின் உயிராயிற்று. 2024-இலும் 2025-இலும் ஜான் எம். சூ இயக்கத்தில் அது இரண்டு திரைப்படங்களாகவும் வந்தது.

இங்கிலாந்தில் இந்த மரபு விடுதிப் பள்ளியில் வேர் பிடித்தது. எலினோர் பிரெண்ட்-டயரின் ‘சாலே ஸ்கூல்’ வரிசை 1925-இலும் ஈனிட் பிளைட்டனின் ‘மாலரி டவர்ஸ்’ வரிசை 1946-இலும் தொடங்கின. படுக்கையறையில் கிசுகிசுப்பு, நள்ளிரவுத் தின்பண்டம், கண்டிப்பான ஆசிரியை, உயிர்த்தோழி, எதிரி எல்லாம் அங்கே தயாராக இருந்தன. மந்திரம் மட்டும்தான் பாக்கி.

அதைச் சேர்த்தவர் ஜில் மர்ஃபி. பள்ளிச் சீருடையில் தோழிகளோடு வீட்டுக்கு வந்த அவரைப் பார்த்து, சூனியக்காரிகள் மாதிரி இருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னாராம். பள்ளிப் பருவத்திலேயே எழுதத் தொடங்கிய அந்தக் கதை 1974-இல் ‘தி வொர்ஸ்ட் விட்ச்’ என்ற நூலாக வெளிவந்தது. நாயகி மில்ட்ரெட் ஹபிள் எதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாதவள். பின்னல் அவிழ்ந்து தொங்கும், காலணிக் கயிறு தரையில் இழுபடும், துடைப்பத்தில் ஏறினால் விழுவாள். எல்லோருக்கும் கருப்புப் பூனை கிடைக்க, அவளுக்கு வரிப்பூனை. தேர்வில் சிரிப்பு மருந்து காய்ச்சச் சொன்னால், அவளும் தோழி மாடும் தவறுதலாக வேறொன்றைக் காய்ச்சிக் குடித்து இருவருமே கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். தோற்றாலும் சேர்ந்து தோற்கும் இந்தத் துணைதான் நூலின் ஆதாரம். மந்திரத்தில் கெட்டிக்காரியான ஈத்தல் வகுப்பில் முதலாக வருகிறாள், ஆனால் வாசகியின் மனம் மாடு பக்கம் சாய்ந்துவிடுகிறது. இந்த வரிசையில் எட்டு நூல்கள் எழுதிய மர்ஃபி 2021-இல் காலமானார்.

அமெரிக்காவில் டமோரா பியர்ஸ் 1983-இல் ‘அலானா’ நாவலை வெளியிட்டபோது, வீரமங்கை இன்னும் தனியாகவே நின்றாள். வீரப் பயிற்சி பெறுவதற்காக ஆண் வேடம் பூண்ட அவளைச் சுற்றிப் பையன்கள்தான். 14 ஆண்டுகள் கழித்து 1997-இல் அதே எழுத்தாளர் ‘சாண்ட்ரிஸ் புக்’ எழுதினார். நிலநடுக்கத்தில் பூமிக்கடியில் சிக்கிக்கொண்ட சாண்ட்ரி, டிரிஸ், டாஜா என்ற மூன்று சிறுமியரும் பிரையர் என்ற பையனும் உயிர் பிழைத்தாக வேண்டும். நூல் நூற்கும் திறமை கொண்ட சாண்ட்ரி, நால்வரின் மந்திரத்தையும் ஒரே இழையாக முறுக்குகிறாள். ஒரே எழுத்தாளரின் கை இவ்வளவு தூரம் நகர்ந்திருப்பது, இந்த மரபு போன திசையைத் தெளிவாகக் காட்டுகிறது.

அதே மாற்றம் ஜப்பானில் முன்னரே நிகழ்ந்திருந்தது. 1966-இல் தொலைக்காட்சிக்கு வந்த ‘சாலி’ முதலாக, அங்கே மந்திரச் சிறுமிகள் பெரும்பாலும் தங்கள் சக்தியை ஒளித்துவைத்துத் தனியே உலவினார்கள். மருந்தாளுநர் தகுதி பெற்ற நவோகோ தாகேயுச்சி, வண்ண உடையில் அணியாகப் போரிடும் வீரர் தொடர்களின் வடிவத்தை அவர்களோடு இணைத்தார். ‘நகயோஷி’ இதழில் அவர் வரைந்த ‘செய்லர் மூன்’ 1992-இல் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. அதன் நாயகி உசாகி அழுமூஞ்சி, தேர்வில் மதிப்பெண் வாங்காதவள். அறிவாளி அமி, கோபக்காரி ரெய், வலிமைசாலி மகோதோ, துடிப்பான மினாகோ என்று தோழிகள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். முதல் பருவத்தின் இறுதியில் நால்வரும் உயிரிழக்க, உசாகி கடைசிப் போரில் தனித்து நிற்கிறாள். அப்போது அவர்களின் ஆவிகள் அவள் பிடித்த கோலில் கை வைக்கின்றன. அணி என்றால் என்னவென்று இதைவிட எளிதாகக் காட்டிய காட்சி இந்த மரபில் அரிது. 2011-இல் வந்த ‘மடோகா மேஜிகா’ அதே பாசத்தின் விலையைக் கேட்டது. மடோகாவைக் காப்பாற்றுவதற்காக ஹொமுரா ஒரே மாதத்தைத் திரும்பத் திரும்ப வாழ்கிறாள். ஒவ்வொரு முறையும் தோழியை இழக்கிறாள்.

இத்தாலியில் 2001-இல் தொடங்கிய ‘விட்ச்’ சித்திரக்கதையின் தலைப்பே வில், இர்மா, டரானி, கோர்னீலியா, ஹே லின் என்ற ஐந்து தோழிகளின் பெயர்களது முதலெழுத்துகளால் ஆனது.

நட்பு எப்போதும் இனிப்பதில்லை என்பதையும் இக்கதைகள் மறைக்கவில்லை. 1996-இல் வெளியான ‘தி கிராஃப்ட்’ திரைப்படத்தில் நான்கு மாணவிகள் சேர்ந்ததும் மந்திரம் பலிக்கிறது. பலித்ததும் அவர்கள் உடைகிறார்கள். லிபா பிரே இதை இன்னும் ஆழமாகத் தோண்டினார். 2003-இல் வந்த ‘எ கிரேட் அண்ட் டெரிபிள் பியூட்டி’ 1895-இன் பம்பாயில் தொடங்குகிறது. 16-ஆம் பிறந்த நாளில் தாயைப் பறிகொடுக்கும் ஜெம்மா, இங்கிலாந்தில் பெண்களைக் கல்யாணத்துக்குத் தயார்ப்படுத்தும் ஒரு பள்ளிக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே அட்மிரலின் மகள் ஃபெலிசிட்டி, அழகி பிப்பா, வீட்டு ஆசிரியைப் பணிக்கென்றே படிக்கும் ஏழை ஆன் ஆகியோரோடு இரவில் குகைக்குப் போய், மந்திர உலகத்தின் கதவைத் திறக்கிறாள். தன்னைவிட மிகவும் மூத்தவரோடு நிச்சயிக்கப்பட்ட பிப்பா அந்த உலகத்திலேயே தங்கிவிடுகிறாள். இங்கே அவள் உடல் உயிரற்றுக் கிடக்கிறது. தோழிகளால் அவளை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துப் பெண்ணுக்கு இருந்த கதவுகள் எத்தனை குறைவு என்பதை இந்தச் சாவு நெஞ்சில் அறைகிறது.

சுவீடனின் மாட்ஸ் ஸ்ட்ராண்ட்பெரியும் சாரா பெரிமார்க் எல்ஃப்கிரேனும் சேர்ந்து 2011-இல் எழுதிய ‘சர்க்கிள்’ நாவலில், எங்கெல்ஸ்ஃபோர்ஸ் என்ற கற்பனை ஊரின் மாணவிகளை விதி ஒரு வட்டத்தில் கட்டுகிறது. அவர்கள் தோழிகளே அல்லர். அன்னா-காரினைச் சீண்டி வதைத்த ஈடாவும் அதே வட்டத்தில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. பிடிக்காதவளோடும் கைகோக்க வேண்டிய கட்டாயத்தை இவ்வளவு நேர்மையாக எழுதிய இளையோர் நூல்கள் சிலவே.

அதே ஆண்டில் நெடி ஒகோராஃபோர் ‘அகாடா விட்ச்’ நாவலில் இந்த மரபை நைஜீரியாவுக்குக் கொண்டுபோனார். நியூயார்க்கில் பிறந்து அபா நகரில் வாழும் சன்னி, தோல் நிறமிக் குறைபாட்டால் வெயிலில் கால்பந்து ஆட முடியாதவள். சிச்சி என்ற துடுக்குக்காரியும் ஓர்லு, சாஷா என்ற பையன்களும் அவளை மந்திரம் அறிந்த சிறுத்தை மக்களின் உலகுக்குள் அழைத்துப் போகிறார்கள். அங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டால் வானிலிருந்து காசு விழும்.

பின்லாந்தில் சுவீடிய மொழியில் எழுதும் மரியா துர்ஷானினோஃப் 2014-இல் வெளியிட்ட ‘மரேசி’, பெண்கள் மட்டுமே வாழும் ஒரு தீவு மடத்தின் கதை. அந்த ஆண்டின் இளையோர் பிரிவுக்கான ஃபின்லாந்தியா பரிசு அதற்குக் கிடைத்தது. தந்தையின் கொடுமையிலிருந்து தப்பி வரும் யாய், முதலில் யாரோடும் பேசுவதில்லை. நூலகத்தில் மரேசியின் பக்கத்தில் உட்கார்ந்து மௌனமாக வாசிக்கிறாள். அவளைத் தேடி ஆண்கள் கப்பலில் வரும்போது, மடத்துப் பெண்கள் எல்லோரும் பின்னலை அவிழ்த்துக் கூந்தலை வாரத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு வாரலுக்கும் காற்று வலுக்கிறது, கடல் எழும்புகிறது.