காரியவட்டத்துப் புல்லும் பொழியூர் மணலும்

திருவனந்தபுரம் காரியவட்டத்தில், கேரளப் பல்கலைக்கழக நிலத்தில் அமைந்த விளையாட்டரங்கம் 2015-இல் 35-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகத் திறக்கப்பட்டது. 2016 ஜனவரி 3 அன்று தெற்காசியக் கால்பந்து இறுதியாட்டத்தில் இந்தியா ஆப்கானிஸ்தானை 2-1 என அங்கே வென்றது. 2017 நவம்பரில் சர்வதேசக் கிரிக்கெட்டும் அங்கே வந்தது.

அம்மாவட்டத்தின் கால்பந்து வீரர்கள் பலர் உருவானதோ தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்து மீனவக் கிராமமான பொழியூரின் கடற்கரை மணலில். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பொழியூருக்கும் அடுத்துள்ள நீரோடிக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. ஆயினும் ஆட்டம் தொடர்ந்தது. இருபுறக் கரைகளும் சந்தோஷ் கோப்பை வீரர்களைத் தந்தன.

இன்று பொழியூரின் மணலைக் கடலரிப்பு விழுங்கி வருகிறது. அரங்குகளை மட்டுமே வரலாறு பதிவுசெய்யுமாயின், வீரர்களை வளர்த்த திடல் சுவடின்றி மறையும்.