முழு நைட்டும் மதுரையின் ஜன்னல் இல்லாத அறையும்

வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். குளித்து, திருநீறு பூசி, தூக்குவாளியோடு ராஜபாளையம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் ஒரு பக்கம். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, கண் சிவந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் மறுபக்கம். இவர்கள் 'முழு நைட்' முடித்து வருகிறவர்கள். வீட்டுக்குப் போய் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால், வெயில், ஈ, தெருவில் மீன்காரர் சத்தம், பக்கத்து வீட்டு டிவி என்று பன்னிரண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். "பகல்ல தூக்கம் எங்க வருது?" என்பார்கள். இந்தக் கேள்விக்கு விடை தேடிய கதையில் பக்கத்து ஊரான மதுரைக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. இது பலருக்குத் தெரியாது!

முதலில் இரவு எப்படி வேலை நேரமானது என்று பார்ப்போம். சூரியன் இருக்கும்வரைதான் மில் ஓடும் என்ற காலம் ஒன்று இருந்தது. மின்விளக்கு வந்தபின் அந்த எல்லை போய்விட்டது. 1905 வாக்கில் பம்பாய் மில்களில் நாளொன்றுக்கு 14 மணி நேரம்கூட வேலை வாங்கினார்கள். புகார்கள் பெருகவே 1907ல் ஆங்கில அரசு ஒரு தொழிலாளர் கமிஷனை அமைத்தது. அதில் சென்னையிலிருந்து ஒரு டாக்டர் உறுப்பினர். பின்னாளில் நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான டி.எம்.நாயர்தான் அவர். வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டம் போட்டு நேரடியாகக் குறைக்க வேண்டாம் என்று மற்ற உறுப்பினர்கள் சொன்னார்கள். குறைத்தே ஆக வேண்டும் என்று நாயர் தனியாக மறுப்புக் குறிப்பு எழுதினார். கடைசியில் 1911ம் ஆண்டுச் சட்டம் ஜவுளி ஆலைகளில் 12 மணி நேரத்தை உச்சவரம்பாக்கியது. அரசியல் வரலாற்றில் நாயரின் பெயர் வருகிற அளவுக்கு இந்த விஷயம் பேசப்படாதது வருத்தமே.

பிறகு 1922ல் 11 மணி, 1934ல் 10 மணி, 1946ல் 9 மணி என்று உச்சவரம்பு இறங்கியது. இதற்கு நடுவில், 1936ல்தான் பி.ஏ.சி.ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1944ல் பாபநாசம் நீர்மின் நிலையம் வந்தது. நேரம் குறைந்தது, ஆனால் மில் தூங்கவில்லை. எட்டு மணி நேரமாக மூன்று ஷிப்டு போட்டால் கதிர் 24 மணி நேரமும் சுற்றும். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதன் கணக்கு சுலபமாகப் புரியும். இயந்திரம் சும்மா நின்றால் நஷ்டம். இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதக் கணக்கில் இடம் இருக்கிறது, இயக்குகிறவருக்கு இல்லை.

சரி, மதுரைக்கு வருவோம். மனிதனுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறதா, அல்லது சூரியனைப் பார்த்துத்தான் உடம்பு நேரம் அறிகிறதா? 1962ல் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு இளைஞர் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14 அன்று அவரை வெளியே அழைத்தபோது, இன்னும் ஆகஸ்ட் 20தான் ஆகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்! அதே காலத்தில் ஜெர்மனியில் ஆஷாஃப் என்பவர் பதுங்கு அறை கட்டி ஆட்களைத் தங்கவைத்து ஆராய்ந்தார்.

ஜெர்மனியில் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்ற எம்.கே.சந்திரசேகரன் 1970களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதலில் அவர் பிடித்தது வௌவால்களை. எப்போதும் இருட்டாக இருக்கும் குகைக்குள் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். வெளிச்சமே படாவிட்டாலும், தினமும் மாலையில் வெளியே போய் விடியலில் திரும்பும் கூட்டத்தோடு அவற்றின் நேரமும் ஒத்துப்போனது. கூட்டம் இல்லாத குகையில் அடைத்தவை தங்கள் சொந்தக் கடிகாரப்படி விலகிச் சென்றன. 1981ல் மாரிமுத்து, ராஜன் ஆகியோரோடு சேர்ந்து இதை அவர் வெளியிட்டார். ஊரோடு ஒட்டி வாழ்வதுகூட உடம்புக்கு ஒரு கடிகாரம்தான்!

பிறகு மனிதர்கள். தேனி சாலையில் உள்ள அந்த வளாகத்திலேயே வெளிச்சமும் சத்தமும் நுழையாத ஓர் அறை உருவானது. தன்னார்வலர்கள் கடிகாரம், ரேடியோ, செய்தித்தாள் எதுவும் இல்லாமல் அதில் நாள்கணக்கில் தனியாகத் தங்கினார்கள். தோன்றும்போது தூங்கினார்கள், பசிக்கும்போது சாப்பிட்டார்கள். சிலருக்குத் தூக்கம்-விழிப்பு ஒரு தாளத்திலும் உடல் வெப்பம் வேறொரு தாளத்திலும் போகும் நிலை ஏற்பட்டது. 1997ல் இதுபற்றிய கட்டுரை வெளிவந்தது.

முழு நைட் முடித்து வருகிறவரின் உடம்பிலும் கிட்டத்தட்ட இதேதான் நடக்கிறது. அவர் படுக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் கடிகாரம் 'எழுந்திரு' என்று வெப்பத்தை ஏற்றிக்கொண்டிருக்கும். மன உறுதி இல்லாததால் தூக்கம் கலைவதில்லை. 1999ல் சிகாகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்தது. 2007ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்டு வேலையைப் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' பட்டியலில் சேர்த்தது. 2019ல் மறுபடி ஆராய்ந்தும் அதே முடிவுதான்.

தீர்வே இல்லையா? இருக்கிறது. மனிதக் கடிகாரம் சராசரியாக 24 மணிக்குக் கொஞ்சம் அதிகம். எனவே தாமதமாகப் படுப்பது எளிது, முன்கூட்டிப் படுப்பது கடினம். காலை ஷிப்டு, அரை நைட், முழு நைட் என்று முன்னோக்கி மாற்றினால் உடம்பு ஓரளவு தாங்கும், தலைகீழாக மாற்றினால் தாங்காது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு தாது ஆலையில் இப்படி முன்னோக்கி மாற்றி, ஒரே ஷிப்டை மூன்று வாரம் நீட்டினார்கள். தொழிலாளர்களுக்கும் திருப்தி, உற்பத்தியும் கூடியது என்று 1982ல் எழுதினார்கள். இதற்குச் செலவு என்று பார்த்தால் ஷிப்டு அட்டவணையைத் திருத்தி எழுதும் செலவுதான்!

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. வேலை முடிந்து வரும்போது வெயில் கண்ணில் படாமல் கருப்புக் கண்ணாடி, படுக்கும் அறையில் கனத்த திரை, ஷிப்டின் பின்பாதியில் டீயை நிறுத்துவது. ஷிப்டு முடிந்து மாதக்கணக்கானாலும் தூக்கம் வராவிட்டால் மாத்திரைக்கு முன்பாக, பழக்கவழக்கங்களையும் கவலையையும் சரிசெய்யும் பேச்சு சிகிச்சையைத்தான் இன்று டாக்டர்கள் முதலில் பரிந்துரைக்கிறார்கள். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது வேறு நோய். அதற்கு 1981ல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் கண்டுபிடித்த, மூக்கு வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவி இருக்கிறது.

பெண்கள் விஷயம் தனி. 1948ம் ஆண்டுச் சட்டம் பெண்களை மாலை 7 முதல் காலை 6 வரை ஆலையில் வேலை செய்யவிடாமல் தடுத்தது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. சம வாய்ப்பு என்ற வகையில் சரியான தீர்ப்புதான். வண்டி வசதி, பாதுகாப்பு என்று பல நிபந்தனைகளும் விதித்தது. அவற்றில் ஒன்று, பகல் ஷிப்டிலிருந்து இரவு ஷிப்டுக்கு மாற்றும்போது இடையில் குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்பது. முழு நைட் முடித்து வரும் அக்காக்கள் அந்தக் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் குழாயடிக்குத்தான் போகிறார்கள். குடத்தை நிரப்பி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, உலை வைத்த பிறகுதான் பாய் விரிக்கிறார்கள்.