முட்டைப் பெட்டியில் கூட்டல்

ஜேர்மனியில் பத்து முட்டைப் பெட்டி எல்லாக் கடையிலும் கிடைக்கும்: வரிசைக்கு ஐந்து, இரண்டு வரிசை. வெறும் பெட்டி அழுக்கில்லாமல் இருந்தால் எறியாதீர்கள். நாலைந்து வயதுப் பிள்ளைக்குக் கூட்டல் பழக்க அது போதும்.

எட்டுக் குழியில் ஒவ்வொரு கடலை போடச் சொல்லுங்கள். இன்னும் ஐந்தைக் கையில் கொடுங்கள். இரண்டு போட்டதும் பெட்டி நிரம்பிவிடும், மூன்று கையில் மிஞ்சும். பத்தும் மூன்றும் பதின்மூன்று. பிள்ளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினால் தடுக்காதீர்கள். பழகப் பழக, எட்டிலிருந்தே "ஒன்பது, பத்து" என்று தொடரும். (மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கடலை எட்டக்கூடாது, தொண்டையில் சிக்கும். விளையாடி முடிய எல்லாரும் கை கழுவவேண்டும்.)

எண்ணுவது தமிழில் இருக்கட்டும். ஜேர்மன் மொழியில் இருபத்தொன்றை "ஒன்றும் இருபதும்" என்பார்கள். கேட்டபடியே 12 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. தமிழில் சொல்லும் வரிசையும் எழுதும் வரிசையும் ஒன்றுதான். இரண்டு மொழி குழப்பும் என்று பயந்து என் மூத்த மகளுக்கு ஜேர்மனில் மட்டுமே எண்ணப் பழக்கினேன். கணக்கெழுதிச் சீவிக்கிறவன் விட்ட பிழை. இப்போது பேத்தியோடு இருந்து திருத்துகிறேன். மகளும் பக்கத்தில் இருந்து எண்ணுகிறாள்.