பேர் போடாத தட்டு

எங்கள் வீட்டு அட்டாலியிலிருந்து இறங்கிய தட்டு அது. பத்து அங்குலம், கறுப்பு, விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. 1948இல் ஜுபிடர் பிக்சர்ஸ் எடுத்த 'அபிமன்யு' படப் பாட்டு. லேபிளில் படத்தின் பேர் இருக்கிறது, பாடியவர் பேர் இருக்கிறது. மெட்டுப் போட்டவர் பேர் இல்லை.

இன்றைக்குக் கோயமுத்தூர்ச் சிங்காநல்லூர் என்றால் பஸ் ஸ்டாண்டும் குளமும்தான். அன்றைக்கு அது சென்ட்ரல் ஸ்டுடியோ. பாகவதரின் 'ஹரிதாஸ்' அங்கே உருவானது. எம்.ஜி.ஆர். முதன்முதலாக நாயகனாக நின்ற 'ராஜகுமாரி'யும் (1947) அங்கேதான். அங்கே ஜுபிடர் எடுத்த படங்களுக்கு இசை பெரும்பாலும் எஸ்.எம். சுப்பையா நாயுடு.

என் தட்டில் இருக்கும் பாட்டும் பிறந்தது இங்கே. தட்டு பிறந்தது கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டமில், கிராமபோன் கம்பெனியின் ஆலையில். சோட்டா நாகபுரிக் காடுகளில் புரச மரத்திலும் பூவ மரத்திலும் பூச்சி வைத்த அரக்கைக் கல்பொடியோடும் கரியோடும் சேர்த்து, சூட்டில் அழுத்தி எடுத்த வட்டம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் கொஞ்சமும்தான் கொள்ளும். ரயிலேறி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்து கோயமுத்தூர்க் கடையில் விலைக்கு நின்றது. அப்புறம் கல்யாண வீடு, மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், மில் சங்கையும் மீறிக் கேட்ட பாட்டு. ஊசி உழுது உழுது வரிப்பள்ளமே வெளுத்துவிட்டது. உலகம் வினைலுக்குப் போன பிறகும் நம் நாட்டில் அரக்குத் தட்டு நின்றது. 1960களில் பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட இங்கே இதில் அச்சடித்தார்கள்.

'அபிமன்யு'வுக்கு வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. திரையில் வந்ததோ ஏ.எஸ்.ஏ. சாமியின் பேர். அந்த மனத்தாங்கலில் கருணாநிதி ஜுபிடரை விட்டு விலகினார். இசையிலும் அதே கதைதான். அந்தப் படத்தில் ஊரே முணுமுணுத்த டூயட்டின் மெட்டு, ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்த பையன் ஒருவனுடையது. பேர் சுப்பையா நாயுடுவுக்குப் போனது. ஜுபிடர் கம்பெனி கோவையைக் காலி செய்து சென்னைக்குக் கிளம்பியபோது நாயுடுவே முதலாளி சோமசுந்தரத்திடம் போய், அந்த மெட்டுகள் இவன் போட்டவை, இவனைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாராம். பையன் எம்.எஸ். விஸ்வநாதன். கடைசிவரை இதை அவர் நன்றியோடு சொன்னார்.

நாயுடுவைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தக் கதையோடு நின்றுவிடுகிறது. எனக்கு அதில் மனசு ஆறவில்லை. நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டு, அவர் போட்ட இசையைக் கேட்காமல் நகர்ந்துவிடுகிறோம். 'கிருஷ்ண விஜயம்' படத்தில் டி.எம். சௌந்தரராஜனை முதன்முதலாகப் பாட வைத்தவர் அவர். அதே குரலை 'மலைக்கள்ள'னில் (1954) எம்.ஜி.ஆருக்குக் கொடுத்தவரும் அவரே. பட்சிராஜா ஸ்டுடியோவில் எடுத்த அந்தப் படத்திலிருந்துதான், கொள்கை பாடுகிற எம்.ஜி.ஆரை நாம் கேட்கத் தொடங்கினோம். பின்னால் வந்த எத்தனையோ பாட்டுகளின் நாற்றங்கால் அது.

'கொஞ்சும் சலங்கை'யை (1962) எடுத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரம் குரலை விழுங்கிவிடும் வாத்தியம். அதுவும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம்! அதற்கு எதிரே எஸ். ஜானகியின் மெல்லிய குரலை ஆபேரி ராகப் பாட்டு ஒன்றில் நிறுத்தினார் நாயுடு. ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று எடுக்கிறது. முடியும் தறுவாயில் எது குழல், எது குரல் என்று பிரிக்க முடியவில்லை. இதைச் செய்தவரை வெறும் குருநாதராக மட்டும் எப்படி நினைப்பது?

தட்டை இப்போதும் சுற்ற வைக்கலாம். சில்லுப் பெயர்ந்த இடத்தில் முதல் சில சுற்றுக்கு ஊசி துள்ளும், பிறகு அடங்கிப் பாட்டு வந்துவிடும். அதன் காகித உறையில் பென்சிலால் நாயுடு, விஸ்வநாதன் என்று இரண்டு பேரையும் எழுதி வைத்திருக்கிறேன்.