ஒரு முறைகூட ஓடாத சுற்று

திருத்தணி மலைக்கு 365 படி. டிசம்பர் 31 படித்திருவிழாவில் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் 'லூப்' என்பது இதுதான், ஒரே வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்வது. காரில் மேலே போய் இறங்கியவரிடம், "கடைசியாக எந்தப் படியில் கற்பூரம் ஏற்றினீர்கள்?" என்று கேட்டால் சிரிப்பார். இயந்திரத்துக்குச் சிரிக்கத் தெரியாது. வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிவிடும்.

ஐ.பி.எம். 1957இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் இந்தச் சிக்கல் எழவில்லை. 'போதுமா?' என்ற சோதனை சுற்றின் முடிவில்தான் நடக்கும். ஆகவே எந்தச் சுற்றும் ஒரு முறையாவது ஓடிவிடும். சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973இல் ஐ.பி.எம். 370 வந்த காலத்திலும் இதுவே வழக்கம். ஃபோர்ட்ரான் 77 அதை மாற்றியது. தேவையில்லையென்றால் சுற்று ஒரு முறைகூட ஓடாது. நியாயமான திருத்தம்தான். ஆனால் சுற்றுக்குள் மட்டுமே மதிப்புப் பெறும் மாறி, இனி மதிப்பில்லாமலே வெளியே வரலாம்.

மதிப்பில்லை என்றால் பூஜ்யம் என்று நினைக்க வேண்டாம். சி மொழியில், ஒரு ஃபங்ஷனுக்குள் அறிவித்த சாதாரண மாறிக்கு நாம் மதிப்புத் தராவிட்டால், அந்த நினைவக இடத்தில் முன்பு கிடந்த குப்பையே அதன் மதிப்பாகிவிடலாம். ரொக்கப் புத்தகத்தில் ஆரம்ப இருப்பு எழுதாமல், பழைய குமாஸ்தா கிறுக்கிய எண்ணோடு கூட்டிக்கொண்டு போவது மாதிரி. கூட்டல் என்னவோ சரியாகத்தான் இருக்கும்!

கம்பைலர் இதை முன்கூட்டியே பிடிக்கலாமே? எந்தச் சுற்று எத்தனை முறை ஓடும் என்று, ஓட்டிப் பார்க்காமல் எல்லா நிரலுக்கும் சொல்லும் வழி கிடையாது. ஆலன் டூரிங் 1936இல் நிறுவியதன் விளைவு அது. ஆனால் 1973இல் கேரி கில்டால் என்ற அமெரிக்கர் குறுக்குவழி ஒன்றைக் காட்டினார். நிரலின் ஒவ்வொரு பாதையிலும் தெரிந்த தகவலை எடுத்துச்செல். பாதைகள் கூடுமிடத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவானதை மட்டும் வைத்துக்கொள். எதுவும் மாறாத வரை சுற்றை வலம் வா. (பின்னாளில் சி.பி./எம். எழுதியவரும் இவரே.) 1977இல் பிரான்சின் பத்ரிக் கூசோ, ராதியா கூசோ தம்பதி இவ்வகை ஆய்வுக்கு விரிந்த கணித அடித்தளம் போட்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, கணிதம் பிடிபடாவிட்டாலும் பெயர்களை உச்சரிக்கவாவது வருகிறது.

இவ்வளவு தெரிந்தும் சி கம்பைலர்கள் எச்சரிக்கையோடு நின்றன, அதுவும் கேட்டால்தான். ஜாவா (1996) கறாராக வந்தது. எல்லாப் பாதையிலும் மதிப்பு இடப்பட்டது என்று உறுதியாகாவிட்டால் நிரலையே ஏற்காது. சில சமயம் சரியான நிரலையும் திருப்பி அனுப்பிவிடும். என் பேரன் திட்டுகிறான். தணிக்கையில் வளர்ந்த நான் ஜாவா பக்கம்.

அவனோ அதன் வாயை அடைக்க, மேலே ஒரு பூஜ்யத்தைப் போட்டுவிடுகிறான். கம்பைலரும் ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பூஜ்யம் கணக்குக்குச் சரியா என்று அது கேட்பதில்லை.