நெல்லைச் சாலையில் அமெரிக்க வண்டிகள்



என் இளமையில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மோட்டார் வண்டியைக் ‘கார்’ என்று சொல்லமாட்டார்கள், ‘பிளசர்’ என்பார்கள். இன்பப் பயணத்துக்குரிய வண்டி என்னும் ஆங்கிலச் சொல் நம்மவர் நாவில் அவ்வாறு திரிந்தது. பின்னாளில் ‘மகிழுந்து’ என்று சொல் ஆக்கியவர்களும் அந்தப் பழைய பிளசரையே மனத்திற் கொண்டிருந்தார்கள் போலும். 1960களில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி ஆகிய ஊர்களின் தெருக்களில் நான் கண்ட பிளசர்களுள் சிறுவர்களாகிய எங்களைப் பின்னால் ஓடிவரச் செய்தவை அமெரிக்க வண்டிகளே. செவர்லே, போர்டு, டாட்ஜ், பிளைமவுத் என்னும் பெயர்களை நாங்கள் பாட்டன் பெயர்போல ஒப்பித்தோம். பருத்த மட்கார்டுகள், முகம் பார்க்கலாம்படி துலக்கிய குரோமியப் பூச்சு, முன்னால் ஒரே பலகையாய் அமைந்த இருக்கை. குற்றாலச் சீசனுக்கு ஒரு குடும்பமே அதில் அடங்கிவிடும். ‘படகு போல் போகிறது’ என்பார்கள். அது வெறும் புகழுரையன்று. கப்பிச் சாலையின் குண்டு குழிகளில் அவ்வண்டி உண்மையிலேயே படகுபோல் மெல்ல அசைந்துதான் சென்றது.

இன்றும் சிலர் அத்தகைய வண்டிகளை வாங்கிச் செப்பனிட்டுக் கண்ணுங் கருத்துமாய்ப் பேணி வருகிறார்கள். அவற்றைக் காணும்போது எனக்கும் உள்ளம் துள்ளுகிறது. ஆயினும் நான் வரலாறு கற்பித்தவன். பளபளப்பைக் கண்டவுடன், ‘இது இங்கே எவ்வாறு வந்தது? யார் இதை இத்தனை நாள் ஓடவைத்தார்?’ என்று கேட்கும் வழக்கம் ஓய்வு பெற்ற பின்னும் என்னை விட்டு நீங்கவில்லை.

நம்மை ஆண்டவர் ஆங்கிலேயர். அவர்கள் நாட்டிலும் மோட்டார் செய்தார்கள். அப்படியிருக்க, நம் சாலைகளில் அமெரிக்க வண்டி எவ்வாறு மிகுந்தது? விலையும் உயரமுமே காரணம். ஹென்றி போர்டு 1908இல் வெளியிட்ட ‘மாடல் டி’ என்னும் வண்டி, மேடுபள்ளம் நிறைந்த நாட்டுப்புற வழிகளை எண்ணித் தரைக்கு நன்கு உயர்த்திக் கட்டப்பட்டது. 1913 முதல் நகரும் வரிசையில் வைத்துப் பூட்டியதனால் அதன் விலை படிப்படியாகக் குறைந்தது. 1927இல் அதன் உற்பத்தி நிற்பதற்குள் ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்துவிட்டன. நமக்கு வந்த போர்டுகளில் பெரும்பாலானவை கனடாவிலிருந்து வந்தவை என்பது பலரும் அறியாத செய்தி. கனடா பிரிட்டிஷ் பேரரசைச் சேர்ந்தது; ஆதலின் அங்கிருந்து வரும் பொருளுக்குப் பேரரசுக்குள் வரிச்சலுகை உண்டு. நம் வழக்கத்துக்கேற்ப வலப்புறம் ஸ்டியரிங் வைத்த வண்டிகளும் அங்கே ஆயின. 1926இல் போர்டு நிறுவனமும் 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் பம்பாயிலேயே பாகங்களை இறக்கிப் பூட்டத் தொடங்கின.

இந்தக் கதையில் நம் மாவட்டத்துக்கும் பெரும் பங்கு உண்டு. மலையடிவாரத்துத் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்தவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1912ஆம் ஆண்டையொட்டித் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவர் பஸ் ஓட்டினார். பின்பு மதுரையை இருப்பிடமாகக் கொண்டு ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்கும் உரிமையும் பெற்றார். மாட்டு லாடத்து ஆணிகள் டயரைக் கிழிக்கின்றன என்று காந்தம் பூட்டிய வண்டியைச் சாலையில் விட்டு ஆணி பொறுக்கினார் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தபோது, கரியை எரித்து அதிலிருந்து எழும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் கலங்களை அவர் நிறுவனம் செய்து விற்றது. பின்புறம் கரியடுப்பைச் சுமந்த வண்டியில் ஏறியவர்கள் இறங்கும்போது கரிமுகத்துடன் இறங்கியிருப்பார்கள். ஆனால் வண்டி ஓடிற்று.

பிளசரில் ஏறியவர்கள் சிலரே. மற்றவர்கள் ஓரத்தில் ஒதுங்கிப் புழுதியைத் தாங்கினார்கள். மக்களிற் பலரை அமெரிக்க வண்டி சுமந்தது பஸ் வடிவில்தான். போர்டு, செவர்லே ஆகியவற்றின் அடிச்சட்டத்தின்மேல் நம் தச்சர்கள் மரத்தாற் கூடு கட்டிய பஸ்கள் அவை. அந்த பஸ்ஸிலும் எல்லோருக்கும் இடம் கிடைத்ததில்லை. தாழ்த்தப்பட்டோரை ஏற்றமாட்டோம் என்று மறுத்த முதலாளிகள் இருந்தார்கள். அண்டையிலிருந்த இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவராய் இருந்தபோது, அவ்வாறு மறுக்கும் பஸ்ஸின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டவர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார். பழைய வண்டியின் அழகைப் பேசும் நாம் இதையும் மறக்கலாகாது.

1954ஆம் ஆண்டில் ஒரு திருப்பம் நேர்ந்தது. அயல்நாட்டுப் பாகங்களை வெறுமனே பூட்டிக் கொடுத்தால் போதாது, இந்நாட்டிலேயே செய்யவேண்டும் என்று அரசு வற்புறுத்தியது. போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. இறக்குமதியும் அருகியது. வீட்டு வாசலில் நின்ற செவர்லேக்கு இனிப் பாகம் கிடைப்பது அரிதாயிற்று. அமெரிக்காவில் சில ஆண்டுகளில் மாற்றிவிடும் வண்டியை நாம் இருபது, முப்பது ஆண்டுகள் ஓட்டினோம் என்றால், அதற்குக் காரணம் முதலாளியின் செல்வமன்று, பட்டறைக்காரரின் கை.

எங்கள் ஊருக்கு அருகே பாபநாசம் சாலையில் ஒரு பட்டறை இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது, ஒரு வேப்பமரமும் ஒரு லேத்தும் உண்டு. அங்கிருந்த மேஸ்திரி ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். பள்ளி விட்டதும் நான் அங்கே போய் நிற்பேன். அக்காலத்துச் செவர்லேயின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு நுட்பம் உண்டு. பிஸ்டனையும் சுழல்தண்டையும் இணைக்கும் கோல்களின் பேரிங்குகள் தனியே கழற்றி மாற்றுவன அல்ல. வெள்ளீயம் மிகுந்த ஓர் உலோகக் கலவையை உருக்கிக் கோலிலேயே வார்த்திருப்பார்கள். தேய்ந்தால் புதிய கோல் வரவேண்டும், அதுவோ வாராது. மேஸ்திரி அடுப்பில் அக்கலவையை உருக்கித் தாமே வார்ப்பார். பின்பு தண்டில் நீலமையைத் தடவி, கோலைப் பூட்டிச் சுழற்றிப் பார்த்து, மை ஒட்டிய மேட்டை மட்டும் சுரண்டுவார். மறுபடி மை, மறுபடி சுரண்டல். ஒரு கோலுக்கு ஒரு பகல் ஆகும். “அளவு எவ்வளவு அண்ணாச்சி?” என்று ஒருநாள் கேட்டேன். “கை சொல்லும் தம்பி” என்றார். நான் பின்னாளில் பயிற்சிக் கல்லூரியில் கற்ற கல்வி முறைகள் எதிலும் அந்த ‘கை சொல்லும்’ பாடத்துக்கு இடமில்லை. அவருக்குப் பின் அது எழுத்தில் எங்கும் நிற்கவில்லை.

இவ்வண்டிகளுள் தமிழகம் நன்கறிந்தது ஒன்று உண்டு. காமராசர் பயன்படுத்திய கருநிறச் செவர்லே. அது சென்னைத் தேனாம்பேட்டைக் காமராசர் அரங்கத்தில் நெடுங்காலம் காட்சிக்கு நின்றது. அதன் எண் எம்.டி.டி. 2727. எம்.டி.டி. என்பது அந்நாளில் நம் திருநெல்வேலி மாவட்டத்து வண்டிகளுக்குரிய எழுத்து. விருதுநகரில் பிறந்தவர் வண்டியில் நம் மாவட்டத்து எழுத்து! நான் அதைப் படித்தபோது சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தேன் என்பதை மறைப்பானேன்? போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் விடைபெற்ற அதே 1954இல் அவர் முதலமைச்சரானார். சேரன்மகாதேவி ரயில்வே கேட் அடைத்திருந்த வேளையில் அவர் காரை விட்டிறங்கி, அங்கே மாடு மேய்த்த சிறுவனிடம் பள்ளிக்குப் போகாத காரணம் கேட்டார் என்றும், ‘சோறு யார் போடுவார்?’ என்று அவன் திருப்பிக் கேட்டான் என்றும் நம் பக்கத்தில் ஒரு செய்தி வழங்குகிறது. மதிய உணவுத் திட்டம் 1956இல், அப்போது நம் மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில் தொடங்கப்பெற்றது. அவருடைய செவர்லே பார்ப்போர் நெஞ்சைத் தொடுகிறதென்றால், அதற்குக் காரணம் குரோமியமன்று.

ஆனால் எல்லா வண்டிகளுக்கும் அத்தகைய பேறு வாய்க்கவில்லை. 1973இல் எழுந்த எண்ணெய் நெருக்கடிக்குப்பின் பெட்ரோல் விலை ஏறிற்று. லிட்டருக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓடும் வண்டியை யார் வைத்திருப்பார்? பலவற்றின் வயிற்றில் டீசல் எஞ்சினை ஏற்றி டாக்சியாக்கினார்கள். எஞ்சியவை மாட்டுக் கொட்டிலில் நின்றன. மேஸ்திரி இருபது ஆண்டு பார்த்துவந்த செவர்லே ஒன்று, அதன் உடையவர் காலமான பின், நான் கல்லூரியில் படித்த நாளில் எடைக்கு விலையாயிற்று. ஆற்றங்கரையோரம் வைத்து அதை வெட்டினார்கள். சம்மட்டி அடி கேட்கிறதென்று மேஸ்திரி அன்று பட்டறையைத் திறக்கவில்லை. அவர் வார்த்த ஆறு பேரிங்குகளும் பழைய இரும்போடு போயின. நானும் வேடிக்கை பார்த்தவருள் ஒருவன். அப்போது எனக்கு அது இழப்பாகத் தோன்றவில்லை.

இப்போது காலம் மாறியிருக்கிறது. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு அறநிலையத்தார் 2015இல் பழைய மோட்டார்களுக்கென ஒரு காட்சியகமே திறந்தார்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தொழில் தொடங்கியவர் ஜி. டி. நாயுடு என்பது நீங்கள் அறிந்ததே. 2021 ஜூலையில் இந்திய அரசும் ஒரு விதி வகுத்தது. முதற்பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, அடிச்சட்டமும் கூடும் எஞ்சினும் பெரிதும் மாறாத சொந்த வண்டியைப் பழம்பெரும் வண்டியெனப் பதிவு செய்யலாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். அதைத் தொழிலுக்கு ஓட்டலாகாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுதுபார்க்கவும் எண்ணெய் போடவும் மட்டுமே சாலைக்குக் கொண்டுவரலாம். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளவும் அவ்விதி இடந்தருகிறது.

அந்த விதியைச் செய்தித்தாளில் படித்த வாரம் பாபநாசம் சாலைப் பக்கம் போயிருந்தேன். வேப்பமரம் இருக்கிறது. பட்டறையில் மேஸ்திரியின் மகன் இருசக்கர வண்டிகள் பார்க்கிறார். உள்ளே சுவரில், எண்ணெய்ப் புகை படிந்த ஒரு தகடு. துடைத்துக் காட்டினார், எம்.டி.டி. என்ற எழுத்தும் நான்கு இலக்கங்களும் தெரிந்தன. வெட்டுவதற்கு முன்னாள் இரவு தம் தந்தை போய்க் கழற்றி வந்தது அது ஒன்றுதான் என்றார்.